குள்ளர் வீடும் கல்வட்டமும்

(கள்ளக்குறிச்சியில் மாணவர்களும் வாசகர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'மாய உலகத்துக் கல்வட்டம்'. மாணவர்களே கேட்டு வாங்கிய தலைப்பு என்று சொன்னார்கள். கேட்டதும் மகிழ்ச்சியாக இருந்தது. பனி மூடிய ஒரு குன்று. அதன் உச்சியில் வட்டமாக நிற்கும் ஆள் உயரக் கற்கள். யார் நட்டார்கள், எதற்காக நட்டார்கள் என்று எவருக்கும் தெரியாது. கதாநாயகன் அந்த வட்டத்துக்குள் கால் வைத்ததும் வேறோர் உலகம் திறந்துகொள்கிறது. இதை நீங்கள் நாவல்களில் படித்திருப்பீர்கள், படங்களில் பார்த்திருப்பீர்கள். செல்போன் விளையாட்டில் அந்த வட்டத்துக்குள் நீங்களே நுழைந்து வாள் வீசியும் இருப்பீர்கள்.

இந்தக் கற்பனைக்கு ஒரு வேர் உண்டு. 1954-இல் வெளிவரத் தொடங்கிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில், டோல்கீன் படைத்த குள்ள உருவ நாயகர்கள் பயணத்தின் தொடக்கத்திலேயே ஒரு மேட்டுநிலத்தில் வழி தப்புகிறார்கள். அங்கே நட்ட கற்கள் நிற்கின்றன. மேடுகளுக்குள்ளே பழைய அரசர்களின் கல்லறைகள் இருக்கின்றன. டோல்கீன் ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். அவருடைய நாட்டில் அப்படிப்பட்ட ஈமமேடுகளும் நெடுங்கற்களும் உண்மையாகவே வயல்வெளிகளில் நிற்கின்றன. நிஜக் கல்லைப் பார்த்து வளர்ந்த மக்களிடம்தான் மாயக் கல் பிறந்தது.

நம் பிள்ளைகளுக்கு அந்த மாயக் கல் தெரிகிறது. தங்கள் ஊர்ப் புறம்போக்கில் கிடக்கும் நிஜக் கல் தெரியவில்லை. ஆகவே கொடுத்த தலைப்பை ஏற்றுக்கொண்டு, அதற்குள் நம் ஊர்க் கல்லைக் கொண்டுவந்து நிறுத்தப் போகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இந்தக் கற்களை இத்தனை காலம் காத்தது கதை. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அறிவியல். கதையையும் மறந்து, அறிவியலையும் கற்காமல் விட்டால் கல் நிற்காது.

நம் பக்கத்துக் கற்கள்

இந்த மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. அங்கிருந்து கோமுகியும் மணிமுத்தாறும் இறங்கி வருகின்றன. கிழக்கே தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர். வடக்கே செங்கம், அதற்கப்பால் சவ்வாது மலை. மேற்கே மலையைத் தாண்டினால் சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி. இந்த நிலப்பரப்பு முழுவதிலும், இறந்தவர்களுக்காகப் பெரிய கற்களால் எழுப்பிய பெருங்கற்காலச் சின்னங்கள் பரவிக் கிடக்கின்றன.

அவற்றில் பல வகை உண்டு. தரையில் உருண்டைப் பாறைகளை வட்டமாகப் பதித்தது கல்வட்டம். பலகைக் கற்களைத் தரைக்கு மேலே நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியது கல்திட்டை. அதே அமைப்பைக் குழிக்குள் வைத்தது கல்லறை. ஒற்றைக் கல்லாக ஓங்கி நிற்பது நெடுங்கல். இவற்றுக்குள் சுடுமண் தாழி இருக்கலாம், கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை இருக்கலாம். வட்டம் தனியாகவும் வரும், மற்ற வகைகளைச் சுற்றியும் வரும். ஓரிடத்தில் ஒன்று இருந்தால் அக்கம்பக்கத்தில் இன்னும் சில இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அது ஒரு முழு இடுகாடு.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. நம் கள்ளக்குறிச்சி அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1878-இல் அந்த மாவட்டத்தின் கையேட்டை எழுதிய கார்ஸ்டின் என்ற ஆங்கில அதிகாரி, திருக்கோவிலூர் வட்டாரத்துக் கல்லறைகளில் ஆர்வம் காட்டியவர். திருக்கோவிலூரை அடுத்த தேவனூரில் நிற்கும் நெடுங்கல்லை ஊரார் 'கச்சேரிக்கல்' என்பார்கள்.

செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் போனால் மோட்டூர். அங்கே மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஒரே பலகைக் கல்லை, தோளும் கையும் தெரியும்படி மனித வடிவில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். தலை கிடையாது. சுற்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கல்வட்டங்கள். ஆய்வாளர்கள் பலர் இதைத் தாய்த்தெய்வம் என்று கருதுகிறார்கள். பழைய விழுப்புரம் மாவட்டத்து உடையார்நத்தத்திலும் இதே சாயலில் ஒரு கல் நிற்கிறது. ஊரார் அதற்கு வைத்த பெயர் 'விசிறிப்பாறை'. மாய நாவலுக்குப் படம் போடும் ஓவியர் ஒருவர் மோட்டூருக்கு வந்தால், அவர் புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்காது.

வட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டிய இடம் இது. ஒரு கல்வட்டம் எப்படி எழுந்தது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் இடம். நல்ல நன்செய் நிலத்தில் இவற்றைக் காண்பது அரிது. விளையாத மேட்டாங்காடு, பாறை தலைகாட்டும் சரிவு, குன்றின் அடிவாரம், இவைதான் அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்கள். உழவுக்கு உதவும் மண்ணை இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, இறந்தவர்களுக்குக் கல்லாந்தரையைக் கொடுத்தார்கள். அருகிலேயே கல்லும் கிடைத்தது.

அடுத்து பலகைக் கல். நம் பக்கத்துப் பாறை அடுக்கடுக்காக உரியும் தன்மை கொண்டது. பாறையின் மேல் தீ மூட்டிச் சூடேற்றினால் மேலடுக்கு விரிந்து விடுபடும். பிறகு ஆப்பு வைத்துப் பிளந்து, நெம்பி எடுக்கலாம். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரு பலகைக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கருங்கல்லின் எடை ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.7 டன். கணக்குப் போட்டால் அந்த ஒரு பலகை மூன்று டன்னுக்கு மேல் வரும். கிரேன் இல்லை, லாரி இல்லை. மரத்தடி உருளைகள், கயிறு, சறுக்கு மண்மேடு, அவற்றோடு ஓர் ஊரின் தோள்கள். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியம் அன்று.

பிறகு குழி. குழிக்குள் நான்கு பலகைகளைப் பெட்டிபோல் நிறுத்துவார்கள். நிறுத்தும் முறைதான் அழகு. ஒவ்வொரு பலகையின் ஒரு முனை அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீளும். மேலிருந்து பார்த்தால் சுவத்திக வடிவம் தெரியும். வெளியிலிருந்து மண் அழுத்தும்போது ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லின் மேல் சாய்ந்து இறுகுகிறது, நான்கு பேர் தோளோடு தோள் முட்டி நிற்பதைப்போல. சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை. மண்ணின் அழுத்தத்தையே பிடிமானமாக மாற்றிய பொறியியல் இது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் பல கல்லறைகள் கோணாமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

பல கல்லறைகளில் ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்துப் பலகையில், வட்டமாக ஒரு துளை இருக்கும். இதை இடுதுளை என்கிறோம். ஆளே தவழ்ந்து போகக்கூடிய அளவுத் துளைகளும் உண்டு. முதலில் ஒருவரை வைத்து மூடிய பிறகு, மீண்டும் எலும்புகளையும் படையலையும் உள்ளே வைக்க இந்த வழி பயன்பட்டிருக்கலாம். ஒரே கல்லறையில் ஒருவருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்ததுண்டு. உடலை வேறோரிடத்தில் வைத்து, பிறகு எலும்புகளைப் பொறுக்கி எடுத்து, மரியாதையோடு இங்கே சேர்த்த வழக்கமும் பரவலாக இருந்தது.

உள்ளே வைத்த பொருள்கள் என்னென்ன? உட்புறம் கறுப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் இருக்கும் பானைகள். குயவர் பானையைக் கவிழ்த்துச் சூளையில் அடுக்கினால், காற்றுப் படாத உட்புறம் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். பானைத் தோளில் கீறிய குறியீடுகள். இரும்பு வாள், ஈட்டி, கத்தி, கோடரி. சூதுபவள மணிகள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் ஒரே கல்லறையிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. தமிழ்நாட்டில் கிடைக்காத கல் அது. தூர தேசத்திலிருந்து வாங்கி வந்த விலை உயர்ந்த மணிகளை, திரும்ப எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தே மண்ணுக்குள் வைத்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் மூடுகல். அதன் மேல் மண்ணும் சிறு கல்லும் குவியல். குவியல் சரிந்துவிடாமலும், உள்ளே இருப்பது புனிதமான இடம் என்று கண்டவுடன் தெரியும்படியும் சுற்றிலும் பெரும் பாறைகள். நாம் கல்வட்டம் என்று பார்ப்பது இந்தக் கடைசி வரியைத்தான். மீதிக் கதை முழுவதும் அதன் அடியில் இருக்கிறது.

காலம் எவ்வளவு?

1947-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் கருநாடகத்தின் பிரம்மகிரியில் மண்ணடுக்குகளை முறையாகப் பிரித்துப் படித்தபோது, தென்னிந்தியப் பெருங்கற்காலத்துக்கு முதன்முறையாக ஒரு கால வரிசை கிடைத்தது. 1950-களின் தொடக்கத்தில் செங்கற்பட்டு அருகே சாணூரில் அகழாய்வு நடந்தது. அன்று நம் அறிஞர்கள் சொன்ன காலம் மிகவும் எச்சரிக்கையானது. கி.மு. சில நூற்றாண்டுகள் என்ற அளவோடு நின்றார்கள்.

பழனி அருகே பொருந்தலில் 2009–10-இல் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் ஒரு கல்வட்டத்தின் நடுவில் இருந்த கல்லறையைத் திறந்தார்கள். நான்கு கால் வைத்த சாடி ஒன்றில் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது. கூடவே தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு பானைத் தாங்கி. நெல்லைக் கரிமக் காலக் கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று வந்தது. இறந்தவருக்குப் பசிக்குமே என்று யாரோ வைத்த நெல், தமிழ் எழுத்தின் காலத்தையே பின்னோக்கி நகர்த்தியது.

கிருட்டிணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு புழங்கிய அடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. நமக்கு வடக்கே திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்நமண்டியில், ஈமப்பேழை வைத்த ஒரு கல்லறைக்குக் கி.மு. 1692 என்ற காலம் கிடைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளை இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குக் கொண்டுபோகிறது. இந்தக் காலங்களை உலக அறிஞர்கள் இன்னும் விவாதிப்பார்கள். விவாதிக்கட்டும், அதுதான் ஆராய்ச்சியின் முறை. ஆனால் மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். மயிலாடும்பாறைக்கும் கீழ்நமண்டிக்கும் சற்றுத் தெற்கேதான் நாம் இருக்கிறோம். நம் மலையடிவாரத்துக் கல்வட்டங்களுக்குள் என்ன இருக்கிறது, எந்தக் காலத்தது என்ற கேள்விகளுக்கு விடை நம் காலடியிலேயே கிடக்கிறது.

குள்ளரும் அரக்கரும்

இனி கதைக்கு வருகிறேன். இந்த மலைப்பக்கங்களில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இது என்ன கல்லுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அதுங்களா தம்பி, குள்ளருங்க இருந்த வூடு. அதுல கை வைக்கக் கூடாது" என்ற மாதிரியில் ஒரு பதில் வரும். ஊருக்கு ஊர் பெயர் மாறும். குள்ளர் வீடு, வாலியர் வீடு, பாண்டவர் வீடு, பாண்டவர் குழி என்பார்கள். ஒரு முழ உயர மனிதர்கள் அந்தக் காலத்தில் வாழ்ந்தார்கள், உருவம் சிறியது, பலம் பெரியது, இந்தக் கற்களைத் தூக்கி வைத்தவர்கள் அவர்கள்தான் என்று கதை போகும். நெருப்பு மழை பெய்தது, தப்பிக்க இந்தக் கல்வீட்டுக்குள் புகுந்தார்கள் என்றும் சில இடங்களில் சொல்வார்கள். கருநாடகத்தின் கொப்பள் மாவட்டம் ஹிரேபெணகல்லில் நூற்றுக்கணக்கான கல்திட்டைகள் ஒரு குன்றின் மேல் நிற்கின்றன. அங்கும் 'மோரியர்' என்ற குள்ளர்களின் கதைதான். 2021 முதல் அந்த இடம் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது.

ஏன் எங்கும் குள்ளர்? யோசித்தால் பிடிபடும். கல்திட்டையின் உயரம் குறைவு. இடுதுளை சிறியது. அதை வீடு என்று கொண்டால், குடியிருந்தவர் குள்ளராகத்தான் இருக்க வேண்டும். கண்ணால் கண்ட அளவிலிருந்து காரணம் தேடிய அறிவு அது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிர்க் கதை உண்டு. அங்குள்ள ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தின் கற்கள் மிகப் பெரியவை. ஆகவே அங்கே அரக்கர் வந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி ஆஃப் மான்மத் என்பவர் தாம் எழுதிய வரலாற்று நூலில், அயர்லாந்தில் அரக்கர்கள் நிறுவிய கற்களை மெர்லின் என்ற மந்திரவாதி பெயர்த்துக் கொண்டுவந்து நட்டதாகச் சொல்கிறார். பிற்காலத்தவர் இதைக் கட்டுக்கதை என்று தள்ளினார்கள். பிறகு நிலவியல் அறிஞர்கள் சோதித்துப் பார்த்ததில், அங்குள்ள நீலக்கற்கள் மேற்கே இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள வேல்ஸ் நாட்டு மலையிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. அரக்கரும் மந்திரவாதியும் கற்பனை. ஆனால் கல் மேற்கிலிருந்து நெடுந்தூரம் வந்தது என்ற செய்தி உண்மை. ஸ்டோன்ஹெஞ்சிலும் தொடக்க காலத்தில் இறந்தவர்களின் சாம்பலைப் புதைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் காம்பியா ஆற்றை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வட்டச் சின்னங்கள் இருக்கின்றன. 2006-இல் அவற்றுள் சில தொகுதிகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அவற்றின் அடியிலும் கல்லறைகளே. ஒருவரை ஒருவர் அறியாத மக்கள், தம் இறந்தவர்களைச் சுற்றிக் கல்லால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள்.

கதை செய்த ஒரு காரியத்தை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். 'கை வைக்கக் கூடாது' என்ற அந்த ஒரு வார்த்தை நூற்றாண்டுக் கணக்கில் வேலியாக இருந்தது. தொல்லியல் துறை, சட்டம், காவலர் எதுவும் இல்லாத காலத்தில் குள்ளர்தான் காவல் இருந்தார்கள். கல்வராயன், சேர்வராயன் மலைகளில் கிடைக்கும் புதிய கற்காலக் கற்கோடரிகளை மலைவாழ் மக்கள் கோயில்களில் வைத்துக் கும்பிட்டு வருகிறார்கள். அருங்காட்சியகம் எழும்புவதற்கு முன்பே அவர்களுடைய கோயில் அந்த வேலையைச் செய்துவிட்டது.

அதே நேரம், இன்று புதிதாகக் கிளம்பியிருக்கும் ஒரு கதையை நான் ஏற்க மாட்டேன். வேற்றுக் கிரகத்தார் வந்து நட்டார்கள், வட்டத்துக்குள் காந்த சக்தி பாய்கிறது, அடியில் புதையல் இருக்கிறது என்று யூடியூபில் பேசுகிறார்கள். பழைய கதை கல்லைக் காத்தது. இந்தப் புதிய கதை இரவில் கடப்பாரையோடு ஆளை அனுப்புகிறது. அதோடு, மூன்று டன் கல்லைத் தோள் கொடுத்து நகர்த்திய நம் முன்னோரின் உழைப்பை எவனோ ஆகாயத்தவனுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. தங்கம் தேடித் தோண்டுகிறவருக்குக் கிடைப்பது உடைந்த பானையும் துருவேறிய இரும்பும்தான். அவர் கலைத்துவிட்டுப் போன மண்ணடுக்கை எந்தப் பேராசிரியராலும் மறுபடி அடுக்க முடியாது.

வட்டத்திலிருந்து நடுகல்லுக்கு

இந்தக் கற்களை நட்டவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். சங்க இலக்கியம் இந்த உலகத்துக்குள்தான் மூச்சு விடுகிறது. புறநானூற்றில் ஒரு பெண் குயவரிடம் கேட்கிறாள்: கணவனோடு வழி வந்தவள் நான், அவனுக்கு வனையும் தாழியில் எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனைந்து கொடு என்கிறாள். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டக் காதை, சுடுவது முதல் தாழியில் கவிப்பது வரை ஐந்து வகை ஈமமுறைகளைச் சொல்கிறது. தொல்காப்பியம், வீரனுக்குக் கல் தேடுவதில் தொடங்கி அதை நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளை வகுக்கிறது.

நம் திருக்கோவிலூரை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளல் பாரி மறைந்த பின் அவன் நண்பரான புலவர் கபிலர் உயிர் நீத்தது பெண்ணையாற்றங்கரையில் என்பது மரபு. ஆற்றின் நடுவே நிற்கும் பாறையை இன்றும் கபிலர் குன்று என்கிறோம். இராசராச சோழன் காலத்துத் திருக்கோவிலூர்க் கல்வெட்டு ஒன்று அதைக் 'கபிலக்கல்' என்று குறிக்கிறது. அதே வட்டாரத்து ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு துறவியர் படுக்கையை வழங்கியதைச் சொல்கிறது. அசோகர் தம் கல்வெட்டில் குறித்த சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல காலம் தேடினார்கள். அவர்கள் அதியமான் மரபினரே என்ற விடை நம் மாவட்டத்துப் பாறையில் இருந்தது.

முதலில் பெயரில்லாத வட்டம். பிறகு ஓங்கி நின்ற நெடுங்கல். அதன் பிறகு பெயரும் செயலும் பொறித்த நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்கள் இந்த மாற்றத்தின் நடுப்படியில் நிற்கின்றன. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் வரிசையாகக் கிடைத்தன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1972-இல் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். அவற்றுள் எடுத்தனூர்க் கல்லை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு இறந்தான் கருந்தேவக்கத்தி என்ற வீரன். அவன் பக்கத்தில் ஒரு நாயின் உருவம். அந்த நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து, தலைவனுக்குக் காவலாக அது நின்றதைக் கல்லிலே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயரை மறக்காமல் வைத்திருக்கும் மண் இது. இத்தகைய நடுகற்கள் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று பெயரிட்டு இன்றும் வணங்குகிறார்கள்.

ஆக, கல்வட்டம் நமக்குச் சொல்வது என்ன? ஊர் கூடி, உழைப்பைக் கொட்டி, ஒரு மனிதரை மறக்க மாட்டோம் என்று மண்ணில் எழுதிய பழைய சாசனம் அது. எழுத்து வருவதற்கு முன்பே எழுதிய சாசனம்.

கண் முன்னே போகிறது

இந்தச் சாசனம் இப்போது நம் கண் முன்னே அழிந்துகொண்டிருக்கிறது. மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் மேட்டாங்காட்டைத் திருத்தும்போது பொக்லைன் ஒரு காலை நேரத்தில் ஒரு வட்டத்தைத் துடைத்துவிடும். பலகைக் கல் வரப்புக்குப் போகிறது, வாய்க்கால் பாலத்துக்குப் போகிறது, துணி துவைக்கப் போகிறது. குன்று குவாரியானால் ஜல்லியாகப் போகிறது. குறைந்த நிலத்தை வைத்துக்கொண்டு பிழைக்கும் விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய பாட்டனுக்குக் குள்ளர் கதை தெரிந்திருந்தது, அதனால் கை வைக்கவில்லை. பேரனுக்கு அந்தக் கதையும் போய்ச் சேரவில்லை, தொல்லியலும் போய்ச் சேரவில்லை. அவர் கண்ணுக்கு அது உழவுக்கு இடைஞ்சலான கல். குறை, சொல்லாமல் விட்ட நம்முடையது.

சட்டம் இருக்கிறது. நினைவுச் சின்னங்களுக்கென மத்தியச் சட்டம் 1958-இலும், தமிழ்நாட்டுச் சட்டம் 1966-இலும் வந்தன. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பழம்பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் எங்கே என்ன இருக்கிறது என்ற பதிவு இல்லாத இடத்தில் சட்டத்தால் எதைக் காக்க முடியும்? பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் என்று பட்டியலில் ஏறியவை மிகச் சில. பட்டியலுக்கு வெளியே கிடப்பவையே அதிகம். அவற்றை அறிந்தவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள் மட்டுமே.

ஆகவே மாணவர்களிடம் வெளிப்படையாகவே கேட்கிறேன். உங்கள் ஊரில், உங்கள் மலையில் இப்படிக் கற்கள் இருந்தால் நான்கு காரியம் செய்யுங்கள். முதலாவது, தோண்டாதீர்கள், எதையும் எடுத்து வராதீர்கள். இரண்டாவது, படம் எடுங்கள். அளவு தெரிய ஒரு குச்சியையோ அளவுகோலையோ பக்கத்தில் வைத்து, எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்று குறித்து எடுங்கள். செல்போனில் தெரியும் இருப்பிடக் குறிப்பையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வட்டத்தின் விட்டம், கற்களின் எண்ணிக்கை, இடுதுளை இருந்தால் அதன் திசை, இவ்வளவு போதும். மூன்றாவது, அந்தக் கல்லைப் பற்றி உங்கள் தாத்தாவும் ஆயாவும் சொல்லும் கதையை அவர்கள் வாய்மொழியிலேயே பதிவு செய்யுங்கள். மலைவாழ் மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உங்கள் மலையின் வரலாற்றை வெளியூர்க்காரர் வந்து எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். கல் எங்கே, கதை என்ன, இரண்டும் சேர்ந்த ஏடு இன்று உங்களால் மட்டுமே எழுதக்கூடியது.

நான்காவது, கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் ஊராட்சி தோறும் கிராம சபை கூடுகிறது. சாலை, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் பேசுகிறோம். அந்தக் கூட்டத்தில் எழுந்து, எங்கள் ஊரில் இன்ன இடத்தில் இத்தனை கல்வட்டங்கள் இருக்கின்றன, அவற்றை ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். பதினெட்டு வயது ஆகி வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய எவரும் அதைச் செய்யலாம். வயது வராதவர்கள் அப்பா அம்மாவைப் பேச வையுங்கள். படங்களும் குறிப்புகளும் கையில் இருந்தால் எந்தத் தலைவரும் மறுக்க மாட்டார். பட்டா நிலத்தில் வட்டம் இருந்தால் அந்த நிலத்துக்காரரையும் அழைத்து உட்கார வைத்துப் பேசுங்கள். தன் நிலத்தில் மூவாயிரம் ஆண்டுப் பழைமை நிற்கிறது என்று அறிந்தால், அதைக் காப்பதில் அவரே முதல் ஆளாக நிற்பார் என்று நான் மனமார நம்புகிறேன்.

மாய உலகத்தைப் படியுங்கள். நிறையப் படியுங்கள். கற்பனை இல்லாதவருக்குக் கல் பேசாது. படித்துவிட்டு உங்கள் ஊர்க் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். அடுத்த கிராம சபையில் இதற்காக முதலில் எழுந்து பேசும் குரல் இந்த அரங்கில் இருப்பவர்களில் ஒருவருடையதாக இருக்கட்டும்.